கீழ்வரிசை

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கேபிளைக் கொஞ்சம் குடுங்களேன். பார்த்துட்டுத் தந்திடுறேன்.

இல்லை இல்லை, எனக்குச் சார்ஜ் போட வேண்டாம். என் ஃபோனில் இருக்கு. மதுரையில் பஸ் நின்னப்ப ஜன்னல் வழியா ஒரு ஆளிடம் வாங்கினீங்கல்ல, அப்பவே கேட்கணும்னு நினைச்சேன். வாய் வரலை. திண்டுக்கல் தாண்டி இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் வருது. நான் அப்படித்தான். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறதுக்கே ஊர்ப் பேரை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டுத்தான் கேட்பேன். அப்படியும் இன்னைக்குக் காலையில் திருப்பூர்னு சொல்றதுக்குப் பதிலா சங்கரன்கோவில்னு சொல்லிட்டேன். ஏறின ஊரையே கேட்டா அவர் என்ன செய்வார். சிரிச்சார்.

நீங்க ஃபோனில் உங்க மகனிடம், "கல்யாணப் போட்டோவையெல்லாம் இந்த வயரை வைச்சே கம்ப்யூட்டருக்கு மாத்திடலாம்டா"ன்னு சொன்னீங்கல்ல, அது காதில் விழுந்துச்சு. ஒட்டுக் கேட்கலைக்கா. பக்கத்து சீட்டு, விழுந்திருச்சு. அந்தக் கேபிளில் போட்டோ போகுமா போகாதான்னு பார்த்துச் சொல்லிடலாம். அதுக்கு ஒரு டப்பா இருக்கு, என் பையில்தான் இருக்கு. பாப்பா மடியில் தூங்குது, அது கொஞ்சம் புரண்டு படுத்ததும் எடுக்கிறேன்.

எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும். சொல்லாம எடுத்தா எனக்கே கூசும். அந்த டப்பாவால்தான் எங்க வீட்டுக்காரர் ஊரை விட்டு வந்து திருப்பூரில் அவங்க அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கார். கூட்டிக்கிட்டு வரலாம்னுதான் போறேன். வருவாரா மாட்டாரான்னு தெரியலை.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா. அடிக்கிற ஆளும் கிடையாது, குடிக்கிற ஆளும் கிடையாது. தங்கமான மனுசன். நான்தான் கெடுத்துட்டேன்.

அவருக்கு சீரியல் செட் வேலை. கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு, எல்லாத்துக்கும் லைட்டுக் கட்டுவார். கல்யாணமாகி வந்த புதுசில் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். பேசவும் வராது, கடை கண்ணிக்குப் போகவும் வராது. சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு, செத்த பல்பை எடுத்துட்டு நல்ல பல்பைப் போடுன்னு ஒரு மூட்டை சீரியல் செட்டை முன்னால கொட்டினார். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ரெண்டு வயர். வயரின் ஒரு முனையை இங்க வை, இன்னொரு முனையை அங்க வை. பல்பு எரிஞ்சா கம்பி நல்லா இருக்கு. எரியலைன்னா நடுவில் எங்கயோ அந்து போச்சு. அவ்வளவுதான். அது எனக்குப் பிடிச்சிருந்தது. அதுகிட்ட வாய் திறந்து பேச வேண்டாம் பாருங்க. கேட்டதுக்கு எரியும், இல்லைன்னா எரியாது.

போன வருசம் வரைக்கும் சாதா லைட்டுதான். இந்த ஆனி மாசம் அவர் ராஜபாளையத்தில் ஒருத்தரிடம் பழைய பிக்சல் பெட்டி ஒண்ணு வாங்கினார். நீங்க பார்த்திருப்பீங்க, பெரிய கட்டவுட்டில் அம்மன் கண்ணைத் திறக்கிற மாதிரி, சூலம் சுத்துற மாதிரியெல்லாம் லைட்டு ஓடும்ல, அது. அந்தப் படத்தை ஃபோனில் இருந்து கேபிள் வழியாப் பெட்டிக்குள்ள ஏத்தணும். ஆடிக் கொடைக்கு எங்க தெரு அம்மன் கோயிலில் இதை ஓட விட்டுட்டா, சுத்துப்பட்டு ஊரெல்லாம் தன்னைத்தான் கூப்பிடும்னு அவருக்கு ஆசை.

படம் ஏறவே இல்லை. வீட்டில் ஒரு கட்டைப் பை நிறையக் கேபிள் கிடந்தது. ஒண்ணு மாத்தி ஒண்ணு சொருகிப் பார்த்தார். ஃபோனில் சார்ஜ் ஏறுது, படம் போகலை. பெட்டியைத் திட்டினார், வித்தவரைத் திட்டினார். நான் காபி கொண்டு போனேன், காபியைத் திட்டினார். "செத்த பெட்டியை என் தலையில கட்டிட்டான். எந்த நேரத்துல வாங்கினேனோ"ன்னுட்டுத் துண்டை உதறிக்கிட்டு வெளிய போயிட்டார்.

நான் சும்மாதான் பார்த்தேன்கா. பாப்பா கடிச்சு வைச்ச ஒரு கேபிள் கிடந்தது. தோலை உரிச்சேன். உள்ள ரெண்டே கம்பி. சிவப்பு, கருப்பு. இன்னொரு பழைய கேபிள், எலி கடிச்சது, அதையும் உரிச்சேன். அதில் நாலு கம்பி. சிவப்பு, கருப்பு, பச்சை, வெள்ளை. வெளியில் பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. அப்பத்தான் தோணுச்சு. சிவப்பும் கருப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும்தான் படம் போறதுக்குப் போல. விலை கம்மியாப் போடணும்னு பச்சையையும் வெள்ளையையும் விட்டுடுறாங்க. சார்ஜ் ஏறும், வேற ஒண்ணும் போகாது. வாங்குறவங்களுக்கு எப்படித் தெரியும். எல்லாக் கேபிளையும் உரிச்சா பார்க்க முடியும்?

உரிக்காம பார்க்கிறதுக்குத்தான் டப்பா. என் சோப்பு டப்பாதான். மூடியில் ஓட்டை போட்டு நாலு சீரியல் பல்பு. சிவப்புக் கம்பிக்குச் சிவப்பு பல்பு, பச்சைக்குப் பச்சை, வெள்ளைக்கு வெள்ளை. கருப்புக்குத்தான் பல்பு கிடையாதே, அதனால மஞ்சள். உள்ள மூணு பேட்டரி. டப்பாவின் ஒரு பக்கம் பெரிய வாய், செத்த சார்ஜரில் இருந்து எடுத்தது. இன்னொரு பக்கம் சின்ன வாய், உடைஞ்ச ஃபோனில் இருந்து எடுத்தது. கேபிளின் ரெண்டு முனையையும் ரெண்டு பக்கமும் சொருகினா, எந்தக் கம்பி முழுசா இருக்கோ அந்த பல்பு எரியும். நாலும் எரிஞ்சா படம் போகும். ரெண்டுதான் எரிஞ்சா சார்ஜ் மட்டும்தான்.

கட்டைப் பையில் இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கேபிளுக்கு நாலு பல்பும் எரிஞ்சது. அவர் வந்ததும் அதைக் கையில் குடுத்து, "இதைப் போட்டுப் பாருங்க"ன்னேன். படம் ஏறிடுச்சு. நடு வீட்டில் கட்டவுட்டைச் சாய்ச்சு வைச்சிருந்தார். அம்மன் கண்ணைத் திறந்தா. பாப்பா பயந்து அழுதுச்சு. அவர் என்னைப் பார்க்கலை. டப்பாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு செஞ்சு குடுத்தா?"ன்னார்.

"சும்மா செஞ்சேன்"னேன்.

"சும்மாவா"ன்னார். அவ்வளவுதான் பேசினோம்.

மறுநாள் சட்டைப் பையில் டப்பாவைப் போட்டுக்கிட்டுப் போனார். சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி மதினி வந்து, "உன் வீட்டுக்காரன் பெரிய ஆளுதான். சோப்பு டப்பாவுல மிசினு கண்டுபிடிச்சிருக்கானாம்ல. டீக்கடையே அவனைச் சுத்தி நிக்கி"ன்னாங்க. "ஆமா மதினி, ராத்திரி பகலாச் செஞ்சாக"ன்னு நானும் சொன்னேன்.

எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லைக்கா. யார் செஞ்சா என்ன, அவர் சந்தோசமா இருந்தார். சோப்பைத்தான் தட்டில் வைச்சேன். டப்பா இல்லாம கரைஞ்சு கரைஞ்சு போச்சு. அது ஒண்ணுதான்.

ஆனா ஒரு விசயம் இருந்தது. அதைச் சொல்லணும், இல்லைன்னா பின்னாடி நடந்தது உங்களுக்குப் புரியாது. இந்தச் சின்ன வாய் இருக்கே, இப்ப வர்ற ஃபோனில் எப்படி வேணாலும் சொருகலாம்ல, மேல் கீழ் கிடையாதுல்ல, அந்த வாய். அதுக்குள்ள மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை, பல் மாதிரி இருக்கும். ஈயத்தை உருக்கி ஒட்டுற என் சால்டரிங் ராடு நுனி தடிப்பு. சீரியல் செட்டுக்கு அது போதும், இதுக்குப் போதாது. மேல்வரிசைக்கு எப்படியோ ஈயம் வைச்சிட்டேன். கீழ்வரிசைக்குப் போனா பக்கத்துப் பல்லோட ஒட்டிக்குது. சரி, மேல்வரிசை போதும்னு விட்டுட்டேன். அதனால கேபிளை ஒரு பக்கமாச் சொருகினா நாலு பல்பும் எரியும். அதே கேபிளைத் திருப்பிச் சொருகினா ரெண்டுதான் எரியும். பச்சையும் வெள்ளையும் வராது. நான் பார்க்கிறப்ப, பச்சை வரலைன்னா உருவித் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்த்துக்குவேன். எனக்கு அது பழக்கமாயிடுச்சு.

அதை அவரிடம் சொல்ல வந்தேன்கா. சத்தியமாச் சொல்ல வந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தார். "என்னங்க, அதுல ஒண்ணு இருக்கு, திருப்பி..."ன்னு ஆரம்பிச்சேன். "எல்லாம் தெரியும், நீ பாப்பாவைப் பாரு"ன்னுட்டுப் போயிட்டார். தெரியும்னா சரிதானேன்னு விட்டுட்டேன்.

கொடை வந்துச்சு. எங்க ஊர்க் கொடையில் எல்லாமே உபயம். பந்தக்கால் ஒருத்தர் உபயம், பூ ஒருத்தர் உபயம், தண்ணி பாக்கெட்டு ஒருத்தர் உபயம். ஒவ்வொண்ணையும் பேரோட மைக்கில் சொல்வாங்க. சொல்லலைன்னா அடுத்த வருசம் தர மாட்டாங்க. தெரு முக்கில் சேர்மக்கனி அண்ணாச்சி மொபைல் கடை வைச்சிருக்கார். வயசானவர், நல்ல மனுசன். என்னைப் பார்த்தா "தாயி"ன்னுதான் கூப்பிடுவார். அவர் இந்த வருசம் கட்டவுட்டுக்குப் புதுக் கேபிள் உபயம் பண்ணினார். நீளமான கேபிள். பிக்சல் பெட்டி உசரத்தில் சாரத்து மேல இருந்ததால வீட்டுக் கேபிள் எட்டாது. "அம்மன் மின்னொளி அலங்காரத்திற்குக் கேபிள் உபயம், சேர்மக்கனி மொபைல்ஸ்"னு காலையில் இருந்து மைக்கில் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முன்னாடி வந்து நின்னார்.

விளக்கு வைக்கிற நேரம். தெரு பூராவும் கூட்டம். எங்க வீட்டுக்காரர் சாரத்துப் பக்கம் நின்னு ஃபோனில் கேபிளைச் சொருகினார். படம் ஏறலை. எடுத்துச் சொருகினார். ஏறலை. "என்ன கொம்பையா, அம்மன் இன்னும் தூங்குதாளா"ன்னு கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான். சிரிச்சாங்க. பேரு காதில் விழுந்திருச்சுல்ல உங்களுக்கு. நான் சொல்ல மாட்டேன், அவன் சொன்னதைத்தான் சொன்னேன்.

அவருக்கு மூஞ்சி சிவந்து போச்சு. சட்டைப் பையில் இருந்து டப்பாவை எடுத்தார். கேபிளை எடுத்து ரெண்டு பக்கமும் சொருகினார். சிவப்பு எரிஞ்சது, மஞ்சள் எரிஞ்சது. பச்சை வரலை. வெள்ளை வரலை. டப்பாவைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். மைக்கை வாங்கினார். "பார்த்துக்கோங்க, ரெண்டுதான் எரியுது. டூப்ளிகேட் கேபிள். அம்மனுக்குக் குடுக்கிற உபயத்துலயே கள்ளம் பண்ணிட்டாரு அண்ணாச்சி"ன்னுட்டார்.

கொட்டு நின்னுடுச்சு. அண்ணாச்சி முன்னாடி வந்தார். "எலேய் கொம்பையா, நான் பெட்டியைப் பிரிக்காம குடுத்த சரக்குல அது. அம்மனுக்குக் குடுக்கதுல நான் ஏம்ல கள்ளம் பண்ணுதேன்"னார்.

"டப்பா பொய் சொல்லாது அண்ணாச்சி"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? கொண்டாங்கல சூடத்தை"ன்னார் அண்ணாச்சி.

சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றது உங்க பக்கம் உண்டான்னு தெரியலை. எங்க பக்கம் அது விளையாட்டு இல்லை. அம்மன் முன்னாடி தரையில் சூடத்தை ஏத்தி, கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா முடிஞ்சது. பொய் சொன்னவங்க குடும்பம் விளங்காது. யாரோ சூடம் கொண்டு வந்துட்டாங்க. தீப்பெட்டி தேடுறாங்க.

நான் பாப்பாவை இடுப்பில் வைச்சுக்கிட்டுப் பொம்பளைங்க கூட்டத்தில் நின்னேன். பொய் சொல்றது அண்ணாச்சி இல்லைன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரும் இல்லை, பாவம், அவருக்குத் தெரியாது. பொய் சொல்றது டப்பாதான். சத்தியம் டப்பா தலையில் விழுமா? டப்பாவுக்குத் தலை ஏது. செஞ்சவ தலையில்தான் விழும். என் இடுப்பில் இருக்கிறவ தலையில் விழும்.

எப்படி நடந்தேன்னு தெரியலை. அவர் பக்கத்தில் போய் நின்னுட்டேன். மெதுவாத்தான் சொன்னேன். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான். "திருப்பிப் போடுங்க"ன்னேன்.

மைக் அவர் கையில் இருந்தது அக்கா. ஆஃப் பண்ணலை.

"திருப்பிப் போடுங்க"ன்னு தெரு பூரா கேட்டுச்சு. அரச மரத்தில் ஒரு குழாய், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு குழாய், ரெண்டுலயும். என் குரல் அப்படி இருக்கும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். யாரோ ஒரு பொம்பளை அதட்டுற மாதிரி இருந்துச்சு. நான் அதட்டலைக்கா. பயந்துபோய்ச் சொன்னா அந்த மைக் அப்படி ஆக்கிடுச்சு.

அவர் அசையலை. என்னைப் பார்த்துக்கிட்டே நின்னார். அண்ணாச்சிதான் வந்து, டப்பாவில் இருந்து கேபிள் முனையை உருவி, திருப்பிச் சொருகினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. நாலும் எரிஞ்சது.

கூட்டத்தில் கெக்கெக்கேன்னு சிரிப்பு. கொட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதா, டும்முனு ஒரு அடி அடிச்சார். அண்ணாச்சி கண்ணில் தண்ணி. "தாயி, உனக்கு எப்படித் தெரியும்"னு கேட்டார்.

அங்கதான் அக்கா நான் கெட்டேன். அது வரைக்கும் சொன்னதோட நின்னிருந்தா, புருசன் செஞ்சதைப் பொண்டாட்டி பார்த்திருப்பான்னு ஊர் நினைச்சிருக்கும். நான் அவரைக் காப்பாத்தணும்னு நினைச்சேன். பழியை என் மேல் எடுத்துக்கணும்னு நினைச்சேன். "அவுக மேல தப்பு இல்லை அண்ணாச்சி. கீழ்வரிசைக்கு நான்தான் ஈயம் வைக்கலை. என் ராடு தடிப்பு"ன்னேன்.

அதுவும் மைக்கில் போச்சு.

சந்தனமாரி மதினிதான், "அப்பம் இது நீ செஞ்சதாட்டீ"ன்னாங்க. அவங்களுக்கு மைக்கே தேவையில்லை.

அவர் மைக்கை மேசையில் வைச்சார். டப்பாவை என் கையில் குடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கிட்டு நடந்து போயிட்டார். படம் ஏன் ஏறலைன்னா, அவர் விட்டுட்டுப் போன ஃபோனில் 'அனுமதிக்கவா'ன்னு ஒண்ணு கேட்டுக்கிட்டு நின்னிருக்கு. யாரும் பார்க்கலை. கேபிளைப் பழையபடி மாட்டிட்டு அண்ணாச்சி அதைத் தொட்டார். அம்மன் கண்ணைத் திறந்தா. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. கட்டினவர்தான் அதைப் பார்க்கலை.

ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவுறப்ப, "கீழ்வரிசைன்னு ஒண்ணு இருக்குன்னு நீ ஏன் எனக்குச் சொல்லலை?"ன்னு கேட்டார். "சொல்ல வந்தேன், தெரியும்னீங்க"ன்னேன். அதையும் சொல்லியிருக்க வேண்டாம். எப்பவும் வராத வாய் அந்த ஒரு நாளில்தான் எனக்கு அப்படி வந்துச்சு.

அதுக்குப் பிறகு அவருக்கு ஊரில் பேரே மாறிப் போச்சு. டீக்கடையில் கிளாஸை எடுத்தா, "திருப்பிப் போட்டுக் குடிண்ணே"ங்கிறது. சைக்கிளில் போனா, "ஏ, திருப்பிப் போடு போறார்ல"ங்கிறது. பக்கத்து ஊர்க் கொடைக்கு லைட்டுக் கட்டப் போனார். பாதிக் கட்டவுட்டைத் தூக்கி நிறுத்துறப்ப ஒருத்தன், "அண்ணே, அம்மன் தலைகீழா இருந்தா பதறாதீங்க, அக்காவைக் கூப்பிடுவோம்"னு சொல்லியிருக்கான். அப்படியே போட்டுட்டு வந்துட்டார். மறுநாள் ஒரு பையைத் தூக்கிக்கிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிட்டார். ஆடி பூராவும் வந்த வேலையெல்லாம் கையை விட்டுப் போச்சு. சீரியல் செட்டெல்லாம் ஆணியில் தொங்குது.

எனக்கும் வெளியில் தலை காட்ட முடியலைக்கா. தண்ணி பிடிக்கப் போனா பொம்பளைங்க, "வாட்டீ, மைக்செட்டு"ங்கிறாங்க. கேலியாச் சொல்றாங்களா, பிரியமாச் சொல்றாங்களான்னு தெரியலை. ஒருத்தி மிக்சியைத் தூக்கிக்கிட்டு வர்றா, பார்த்துக் குடுன்னு. பார்த்துக் குடுத்தேன். குடுக்காம என்ன செய்ய. அதுல இருந்து ஆளாளுக்கு எதையாவது தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க.

அவர் ஃபோன் பண்ணுவார். பாப்பாவிடம் மட்டும் பேசுவார். என்னிடம் குடுன்னு சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். அவங்க அண்ணி சொல்லித்தான் தெரியும், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருக்காராம். பனியனைத் திருப்பிப் போட்டு ஓட்டை, பிசிறு இருக்கான்னு பார்க்கிற வேலையாம். நாள் பூராவும் அதுதானாம். அதைச் சொல்லிட்டு அண்ணி ஃபோனில் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

நடுவில் அண்ணாச்சி எங்க வீட்டுக்கு வந்தார். உள்ள வரலை, வாசல்லயே நின்னார். கையில் ஒரு சால்டரிங் ராடு, நுனி ஊசி மாதிரி. "தாயி, எனக்கு ஒண்ணு செஞ்சு தா. கடை மேசையில வைக்கேன். வாங்குதவன் அவனே போட்டுப் பார்த்துக்கிடட்டும். இனி ஒருத்தன் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது"ன்னார்.

"அவுக வரட்டும் அண்ணாச்சி. அவுகதான் செய்வாக"ன்னேன்.

"சரி, அவனே செய்யட்டும். அது வரைக்கும் இது இங்க கிடக்கட்டும்"னு ராடை வாசல்படியில் வைச்சுட்டுப் போயிட்டார்.

கிடக்கட்டும்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அந்தக் கீழ்வரிசை என்னைத் தூங்க விடலை. அது ஒண்ணு சரியா இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதே. எப்படிச் சொருகினாலும் எரியுற மாதிரி இருந்திருந்தா, அவர் எப்படிச் சொருகியிருந்தாலும் சரியாத்தானே இருந்திருக்கும். பாப்பா மதியம் தூங்குறப்ப உட்கார்ந்தேன். முதல் வாய் கருகிப் போச்சு. அடுத்ததும் போச்சு. அப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வைச்சேன், ஒட்டிக்கிச்சு. தனித்தனியா, பல்லு பல்லா. எனக்கே நம்ப முடியலை. அவ்வளவு பொடிசுக்கா அது. நாலு கம்பியும் போக, நடுவில் இன்னும் சில பல் சும்மா நின்னுச்சு. அது எதுக்குன்னு தெரியலை. சீக்கிரம் சார்ஜ் ஏறுறதுக்கா இருக்கும். அண்ணாச்சி கடையில் ஒரு தடிச்ச கேபிள் இருக்கு, அதை உரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். பார்க்கணும். இல்லை, அவர் வந்து பார்ப்பார்.

அண்ணாச்சி கடைக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்தேன். புளியங்குடியில் இருந்து ரெண்டு கடைக்காரங்க கேட்டிருக்காங்களாம். நான் இன்னும் பதில் சொல்லலை. ஆம்பளை வந்து பேசட்டும்னு இருக்கேன். எனக்குப் பேச வராதுல்ல.

பாப்பா புரண்டுடுச்சு. இருங்க, எடுக்கிறேன்.

இதுதான். சோப்பு டப்பா புதுசு. மூடி மேல எழுதியிருக்கேன் பாருங்க, நகப்பூச்சு வைச்சு. அவர் பேரு, பக்கத்தில் 'லைட்ஸ்'னு. எழுதத்தான் செய்யலாம், வாயால சொல்றதுதான் இல்லை. எழுத்து கொஞ்சம் கோணல். குடுங்க உங்க கேபிளை. இந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு.

சிவப்பு. மஞ்சள். அவ்வளவுதான். திருப்பிப் போடுறேன், பார்த்துக்கோங்க. அப்பவும் அதுதான். இதில் சார்ஜ் ஏறும்கா, போட்டோ போகாது. வித்த ஆள் மேலயும் தப்பு இல்லை, அவருக்கு என்ன தெரியும். என்னிடம் நல்ல கேபிள் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக் காட்டுறேன். இப்படிப் போட்டா நாலு. திருப்பிப் போட்டா, பாருங்க, அப்பவும் நாலு. எப்படிப் போட்டாலும் நாலு. இனி இதை வைச்சுக்கிட்டு அவர் யார் முன்னாடியும் தலை குனிய வேண்டாம்.

இதை அவர் கையில் குடுத்து, இதை நீங்கதான் செஞ்சீங்கன்னு ஊரில் சொல்லிடலாம், அண்ணாச்சியும் அப்படியே சொல்வார், வாங்கன்னு கூப்பிடப் போறேன். அதைத்தான் சங்கரன்கோவிலில் இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வர்றேன். நான் சொன்னா பொய் மாதிரியே கேட்குது. எனக்குப் பேச வராததாலயா இருக்கும்.

அக்கா, ஒரு உதவி செய்வீங்களா. நீங்க நல்லாப் பேசுறீங்க. நீங்க ஒரு தடவை சொல்லுங்க. இந்த டப்பாவைச் செஞ்சது அவர்தான்னு, பேரைச் சொல்லி. நிஜம் மாதிரி இருக்கான்னு நான் கேட்டுப் பார்க்கிறேன்.

ம்.

நீங்க சொன்னா நல்லாத்தான் இருக்கு. யாரும் நம்புவாங்க.

இன்னொரு தடவை சொல்றீங்களா. இப்ப சொன்ன மாதிரியேதான், எல்லாம் அவர் செஞ்சதுன்னுதான். கடைசியில் மட்டும், கீழ்வரிசைக்கு ஈயம் வைச்சது அவர் சம்சாரம்னு சேர்த்துச் சொல்லிப் பாருங்களேன். சும்மாதான். எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்.